இரண்டாம் படியில் நின்றவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலைப் பேணுதல் வேண்டும் என்பதற்காக அவர்கள் சொல்லிவைத்த பழமொழி அது. அதனை வேறொரு பொருளில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு சிட்னி மாநகரில் ஓர் இரயில் பயணத்தின்போது நமக்கு வாய்த்தது. உறவினர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்த நாள்கள் அவை. நகரின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே செல்லும் இரயிலில் சன்னலோரம் அமர்ந்திருந்தோம். மெக்டொனால்ட்டவுன் என்னும் சிறு நிலையத்தின் அருகே, இருப்புப் பாதையை ஒட்டி நெருங்கி நிற்கும் பழைய வீடுகளுள் ஒன்றின் பக்கச் சுவரில் மூன்று மனிதர்கள் நிற்கக் கண்டோம். இருவர் கரங்கள் வானை நோக்கி உயர்ந்திருந்தன. மூன்றாமவர் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றார். கண்ணிமைக்கும் நேரத்தில் சுவர் பின்னால் போய்விட்டது.

மறுநாள் அந்நிலையத்தில் இறங்கி, நியூட்டவுன் பகுதியின் குறுகிய தெருக்களில் நடந்து, அச்சுவரைத் தேடிச் சென்றோம். லீமிங்டன் சந்து என்று அவ்விடத்திற்குப் பெயர். கலைக்கூடமோ நினைவு மண்டபமோ அன்று. மக்கள் குடியிருக்கும் ஒரு வீடு. அதன் பக்கச் சுவரில் வண்ணங்கள் பல இன்றி, ஒரே நிறத்தின் ஒளியும் நிழலுமாகத் தீட்டப்பெற்ற ஓவியம். 'பெருமிதம் மிக்க மூவர், மெக்சிகோ 68' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நடுவில் உயர்ந்த படியில் டாமி ஸ்மித். ஒருபுறம் ஜான் கார்லோஸ். மறுபுறம் வெள்ளையர் ஒருவர். அவர் பெயர் பீட்டர் நார்மன்; அந்நாட்டின் மண்ணில் பிறந்தவர். அப்படத்திலுள்ள மூவருள் அவர் ஒருவரே ஆஸ்திரேலியர் என்பதையும், அவரைத்தான் அந்நாடு நெடுங்காலம் நினையாதிருந்தது என்பதையும் பின்னர் படித்தறிந்தபோது, அந்தச் சுவர் நமக்கு வேறொன்றாகத் தோன்றலாயிற்று.

ஆஸ்திரேலிய நகரங்களில் சுவரோவியம் புதுமையன்று. மெல்போர்ன் நகரின் ஹோசியர் சந்தினைக் காணவென்றே வெளிநாட்டினர் வருகின்றனர். அங்கே இன்று கண்ட ஓவியம் நாளை இராது. ஒருவர் தீட்டியதன்மேல் மற்றொருவர் தீட்டிவிடுவார். விளையாட்டு வீரர்க்கென எழுந்த ஓவியங்களும் பல. மெல்போர்னின் ரிச்மண்ட் பகுதியில் கால்பந்து வீரர் டஸ்டின் மார்ட்டினின் உருவம் ஒரு கட்டடச் சுவரை நிறைத்து நிற்கிறது. அவ்வூரார் தம் குழுவின்மீது கொண்ட பற்று அத்தகையது. 1980-க்குப் பின் முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்து, 2017-இல் வெற்றிக் கோப்பையைக் கண்டவர்கள் அவர்கள். களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் சிறப்பையும் எழுதி வைத்த சங்ககாலத் தமிழர்க்கு இவ்வழக்கம் அயலாகத் தோன்றாது. உருவம் வரைதல் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே நிகழும் ஆய்வுரைகளை நாம் அறியாதவரல்லோம். அவ்வாய்வினுள் ஈண்டு நாம் புகவில்லை. சுவரில் நின்றவரின் செயலே நம்மை அங்கு நிறுத்தியது.

அச்செயலை விளங்கிக்கொள்ள 1968-ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபர் 2-ஆம் நாள், ஒலிம்பிக் விழா தொடங்குவதற்குப் பத்து நாள்கள் முன்னர், மெக்சிகோ நகரின் திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்மீது படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். அக்குருதி உலரும் முன்பே விழாக் கொடிகள் ஏறின. அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் சிலர் அதற்கு முந்தைய ஆண்டே 'மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம்' என்னும் ஓர் அமைப்பைக் கண்டிருந்தனர். ஹாரி எட்வர்ட்ஸ் என்னும் சமூகவியல் ஆசிரியர் அதற்குத் தலைமை ஏற்றார். நிறவெறி பேணிய தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் விழாவில் சேர்க்கலாகாது என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. மற்றொன்றை இக்கல்லூரி மாணவர்கள் அறிந்தால் மகிழ்வர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காகப் பறிக்கப்பட்ட குத்துச்சண்டை வாகையர் பட்டத்தை முகம்மது அலிக்குத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதே அது. ஆக, நியூட்டவுன் சுவரில் உயர்ந்து நிற்கும் அக்கைகளுக்கும், நம் இல்லங்களில் அந்நாளில் பெரியோர் பெருமையோடு உச்சரித்த ஒரு பெயருக்கும் உறவு உண்டு.

அக்டோபர் 16. இருநூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. வளைவைக் கடந்து நேர்பாதைக்கு வருகையில் நார்மன் பின்தங்கியே இருந்தார். ஸ்மித் எவர்க்கும் எட்டாத விரைவில் முன்னேறி, கோட்டைத் தொடும் முன்பே இரு கைகளையும் விரித்தார். 19.83 விநாடி, அது உலகச் சாதனை. இரண்டாம் இடம் கார்லோசுக்கே என்று அனைவரும் எண்ணியிருந்த வேளையில், கடைசிச் சில மீட்டர்களில் வெள்ளை நிற மனிதர் ஒருவர் அவரைக் கடந்தார். நார்மனுக்கு 20.06 விநாடி, கார்லோசுக்கு 20.10. இந்த 20.06 என்னும் எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2000-இல் சிட்னியில் நடந்த ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தில் தங்கம் வென்ற கிரேக்க வீரரின் நேரம் 20.09.

ஓட்டம் முடிந்து பதக்கம் பெறுவதற்கு இடைப்பட்ட பொழுதில்தான் கதை இருக்கிறது. தாம் செய்யவிருப்பதை அமெரிக்கர் இருவரும் நார்மனிடம் கூறினர். மனித உரிமையில் உமக்கு நம்பிக்கை உண்டா, இறைவனிடத்தில் நம்பிக்கை உண்டா என்று வினவினர். இரண்டிற்கும் 'உண்டு' என்பதே அவர் விடை. மெல்போர்ன் நகரில், இரட்சணிய சேனையைச் சார்ந்த எளிய குடும்பத்தில் வளர்ந்தவர் அவர்; இறைச்சிக் கடையில் தொழில் பயின்று, பின்னர் ஆசிரியரானவர். 'நானும் உங்களோடு நிற்பேன்' என்று சொன்னதோடு அவர் அமையவில்லை. அவர்கள் மார்பில் அணிந்திருந்த வட்டச் சின்னம் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். அங்கிருந்த அமெரிக்கப் படகு வீரர் பால் ஹாஃப்மன் தம் சின்னத்தைக் கழற்றிக் கொடுத்தார். அவரும் வெள்ளையரே.

மற்றொரு செய்தியும் உண்டு. கார்லோஸ் தம் கையுறைகளைத் தங்குமிடத்திலேயே மறந்து வந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றாக ஸ்மித்தின் கையுறைகளையே அணிந்துகொள்ளலாமே என்று வழி சொன்னவர் நார்மன். அதனால்தான் படத்தில் ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தி நிற்கின்றனர். உலகமே ஆழ்ந்த குறியீடென்று எண்ணி வியக்கும் ஒன்று, மறதியிலிருந்தும் ஒருவரின் சமயோசித அறிவிலிருந்தும் பிறந்திருக்கிறது. இதனை அறிந்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது. அம்மனிதர்மீது அன்பும் மிகுந்தது.

அமெரிக்க நாட்டுப் பண் ஒலித்தது. ஸ்மித்தும் கார்லோசும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையோடு நின்றனர். தம் மக்களின் வறுமைக்கு அது அடையாளம். கார்லோசின் கழுத்தில் மணிமாலை. கும்பலால் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களின் நினைவாக அணிந்தது. இருவரும் தலை தாழ்த்திக் கைமுட்டியை உயர்த்தினர். அரங்கிலிருந்து வெறுப்பொலி எழுந்தது. அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் கடுஞ்சினம் கொண்டார். இருவரும் விழாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர்; தாயகம் திரும்பியபின் கொலை மிரட்டல்கள் அவர்களைத் தொடர்ந்தன. அவர்கள் பட்ட துன்பமே பெரிது. நாம் நார்மனைப் பற்றி எழுதுவது அவர்களின் துன்பத்தைச் சிறிதாக்குவதற்கு அன்று. உரிமை பறிக்கப்பட்டவர் கை உயர்த்துவதும், உரிமை குறையாதவர் அவரருகே நிற்பதும் ஒரே செயலாகா. ஆயினும் இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

சுவரின் முன் நின்றபோது நம்மை உறுத்திய வினா ஒன்று உண்டு. மற்ற இருவரும் கை உயர்த்த, இவர் ஏன் உயர்த்தவில்லை? தீமையைக் காண்பவர் கையால் மாற்றவேண்டும், இயலாதெனில் நாவால், அதுவும் இயலாதெனில் நெஞ்சளவிலேனும் வெறுக்கவேண்டும், இறுதியது ஈமானின் மிக மெலிந்த நிலை என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் இளமை முதல் கேட்டு வருகிறோம். அவ்வளவுகோலைக் கையில் கொண்டு நோக்குங்கால், தொங்கிய கைகளோடு நிற்கும் இவரை எப்படியில் வைப்பது? முதலில் நமக்கு அவர் நிலை மெலிவாகவே தோன்றியது. நெடுநேரம் நோக்கிய பின்னரே மார்பிலிருந்த சிறு வட்டம் கண்ணில் உறைத்தது. கறுப்பினத்தாரின் துன்பம் அவருடைய துன்பமன்று. ஆதலின் கைமுட்டி அவருடையதன்று. தமக்கு உரியதல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளாமலும், தமக்கு உரிய கடனைத் தவிர்க்காமலும் அவர் நின்றிருக்கிறார். அத்தனை நுட்பமாக ஓர் இளைஞர் அந்த அரைமணிப் பொழுதில் எண்ணியிருப்பாரா என்று கேட்பாருண்டு. எண்ணியிருக்க வேண்டியதில்லை. நல்லியல்பு சில வேளைகளில் எண்ணத்தை முந்திக்கொள்ளும்.

அவர் திரும்பிச் சென்ற நாடு எத்தகையது என்பதையும் கருதவேண்டும். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் பொருட்டு 1901-இல் இயற்றிய சட்டத்தின் வழிவந்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்னும் கொள்கை, அந்நாளில் தளர்ந்திருந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை. 1973-இல்தான் அது முடிவுற்றது. அம்மண்ணின் தொல்குடி மக்களையும் நாட்டின் தொகையில் சேர்த்து எண்ணலாம் என்பதற்கே 1967-இல் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. அத்தகைய நாட்டின் பிரதிநிதியாக நின்றுகொண்டு அச்சின்னத்தை அணிந்தார் நார்மன்.

1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதற்குரிய தகுதி நேரத்தை அவர் பலமுறை எட்டியிருந்தார். தேர்வு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். மெக்சிகோவில் செய்ததற்குத் தண்டனை இது என்று அவர்பால் அன்புடையோர் கூறுவர். ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு அதனை மறுக்கிறது. தேர்வு ஓட்டத்தில் அவர் காட்டிய திறனே காரணம் என்கிறது. 2000-ஆம் ஆண்டு சிட்னி விழாவில் அவருக்கெனத் தனிச் சிறப்பு எதுவும் செய்யப்படவில்லை என்பதும் அவ்வாறே வழக்காடப்படுகிறது. மற்ற பழைய வீரர்க்குரிய வாய்ப்பே அவருக்கும் தரப்பட்டது என்பது குழுவின் விடை. இருதரப்பையும் கேட்பதே முறை. ஆனால் ஒன்றை எவரும் மறுப்பதற்கில்லை. அவ்விழாவில் அவரைத் தம் விருந்தினராக ஏற்றுப் போற்றியவர்கள் அமெரிக்கத் தடகள வீரர்கள். தாய்வீட்டில் நடந்த திருமணத்தில் அயலூரார் நாற்காலி எடுத்துப் போட்டதற்கு ஒப்பானது இது.

அதே 2000-ஆம் ஆண்டில்தான் நியூட்டவுன் வீட்டுச் சுவரில் இவ்வோவியம் எழுந்தது. வீட்டுக்காரர் இசைவளித்தார். தீட்டியவர் டொனால்ட் என்னும் தனிப்பெயரால் மட்டுமே அறியப்படுபவர். கோடிகள் செலவிட்டு அரங்கங்கள் எழுப்பிய ஒரு நகரில், விழாக் குழுவினர் எவரும் கேளாமலே ஒருவர் சுவர் தந்தார்; ஒருவர் உழைப்புத் தந்தார். பின்னாளில் நார்மன் அவ்விடத்திற்கு வந்து, ஓவியத்தின்முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, மகிழ்ந்து சென்றார் என்று அவ்வீட்டார் கூறியிருக்கின்றனர். தம் உருவத்தைத் தாமே ஒரு சந்தில் நின்று நிமிர்ந்து பார்த்த அக்கணத்தை நாம் பலமுறை கற்பனை செய்து பார்த்ததுண்டு. காலில் நேர்ந்த காயம் முற்றி, காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். மனச்சோர்விலும் குடியிலும் சில காலம் அலைப்புண்டவர். அவரைச் சுவர் மறவாதிருந்தது.

2006 அக்டோபர் 3-இல் மாரடைப்பால் அவர் மறைந்தார். ஆறு நாள்கள் கழித்து மெல்போர்னில் அவருடைய உடலைத் தோளில் சுமந்தவர்களுள் முன்னின்ற இருவர், கடல் கடந்து வந்த ஸ்மித்தும் கார்லோசும். ஜனாஸாவைச் சுமப்பதன் பொருளை அறிந்த நம் சமுதாயத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

2010-இல் இருப்புப் பாதைச் சுரங்கம் ஒன்றிற்காக அச்சுவர் இடிபடும் நிலை உண்டாயிற்று. திட்டம் நின்றது; பின்னர் அவ்வோவியம் பாதுகாக்கத்தக்க மரபுச் செல்வமாகப் பட்டியலிலும் ஏறியது. பிற சிறப்புகளும் ஒவ்வொன்றாக வந்தன. 2012 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2018-இல் ஒலிம்பிக் குழு தன் உயரிய விருதை வழங்கியது. 2019 அக்டோபர் 9-இல் மெல்போர்ன் லேக்சைடு அரங்கில் வெண்கலச் சிலை எழுந்தது. இவை யாவும் அவர் கண்மூடிய பின்னர் நிகழ்ந்தவை. அவர் கண்ணால் கண்ட சிறப்பு அச்சந்துச் சுவர் ஒன்றே என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அது முழு உண்மையாகாது. மற்றொன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நார்மன் நின்ற வரிசையில் தொல்குடி வீரர்களும் சுவரேறியிருக்கின்றனர். 1993 ஏப்ரல் 17-இல் மெல்போர்ன் கால்பந்துத் திடலில், நிறம் சுட்டி இகழ்ந்த கூட்டத்தினரை நோக்கி நிக்கி வின்மர் தம் சட்டையை உயர்த்தித் தம் கரிய தோலை விரலால் தொட்டுக் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஆடம் கூட்சை ஒரு சிறுமி குரங்கென்று விளித்தாள். அச்சிறுமியைப் பழிக்காதீர்கள், அவளுக்குக் கற்பித்த சூழலை நோக்குங்கள் என்னும் கருத்தில் அவர் பேசினார். 2014-இல் நாட்டின் அவ்வாண்டுச் சிறந்த குடிமகன் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. ஆயினும், செல்லுமிடமெல்லாம் அரங்கினர் கூச்சலிட்டு இகழ, 2015-இல் ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார். கால்பந்து அமைப்பின் மன்னிப்பு 2019-இல் வந்தது. 2020-இல் சிட்னியின் சர்ரி ஹில்ஸ் பகுதியில் ஒரு நெடுஞ்சுவரில் அவர் உருவம் எழுந்தது. தெருவில் போவோர் அண்ணாந்து பார்க்கின்றனர். அரங்கில் கூச்சலிட்டவர்களுள் எவரேனும் அவ்வழியே செல்லக்கூடும் அல்லவா என்று நாம் எண்ணினோம்.

இக்காலத்திலும் நிலை முற்றும் மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பரில் பெர்த் நகரில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆஸ்திரேலிய அணியில் ஆடிய உஸ்மான் கவாஜா, எல்லா உயிர்களும் சமம் என்னும் பொருளுடைய சொற்களைத் தம் காலணியில் எழுதிக்கொண்டு களமிறங்க விரும்பினார். காஸா மக்களின் துயரே அவர் உள்ளத்தில் இருந்தது. அனைத்துலகக் கிரிக்கெட் அமைப்பு தடுத்தது. கையில் கறுப்புப் பட்டை அணிந்தார்; அதற்கும் கண்டனம் பெற்றார். மார்பில் ஒரு சின்னம், காலில் ஒரு சொல், கையில் ஒரு பட்டை; அரையங்குலப் பொருள்கள்தாம். அவற்றைக் கண்டு அதிகார மன்றங்கள் கொள்ளும் அச்சத்தை நோக்கின் வியப்பு மிகுகிறது.

மகிழ்வுக்குரிய செய்தி ஒன்று. 20.06 என்னும் எண்ணை நினைவில் கொள்ளச் சொன்னோம். அது ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆஸ்திரேலியச் சாதனையாக நிலைத்தது. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் 20.04 விநாடியில் ஓடி அதனை முறியடித்தவர் கவுட் கவுட் என்னும் பதினாறு வயது மாணவர். தென் சூடானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மைந்தர். அவருடைய பெற்றோர் போன்றோர் வாசலிலேயே நிறுத்தப்பட்ட காலம் நார்மன் காலத்திற்கு அணிமையில்தான் இருந்தது.

இனி, பின்னர்க் கூறுவோம் என்ற செய்தி. ஸ்மித்தும் கார்லோசும் பயின்ற கலிபோர்னியாவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005-இல் அவ்விருவருக்கும் பெருஞ்சிலை எடுத்தனர். அத்திறப்பு விழாவிற்கு நார்மனும் சென்றிருந்தார். ஆனால் சிலையில் அவர் இல்லை. இரண்டாம் படி வெறுமையாக இருக்கிறது. புறக்கணிப்பென்று எண்ணவேண்டா, அவருடைய விருப்பமே அது. அங்கு வருவோர் அப்படியில் ஏறி நின்று, தாமும் அவ்விருவரோடு நின்றவராகத் தம்மை உணரட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இன்றும் மாணவர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இச்செய்தியை அறிந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இம்மலரின் வழியாகவேனும் சொல்லிவிடல் நன்று. மாணவப் பருவத்தில் நாமும் ஓடியவர்களே. கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டி. இருநூறு மீட்டர் ஓட்டம்தான். தகுதிச் சுற்றில் நம்மைவிட நான்கடி முன்னே ஓடி வந்தான், வேறொரு கல்லூரியைச் சேர்ந்த மாணவன் ஒருவன். தோல் பதனிடும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தவன். வெறுங்காலோடு ஓடினான். இறுதிச் சுற்றுக்கு முன்னர் அவனுடைய அடையாளத் தாளில் முத்திரை தெளிவாக இல்லை என்று கூறி, அவனை வரிசையிலிருந்து நீக்கினர். நம் தாளிலும் முத்திரை அவ்வாறே மங்கியிருந்தது. எவரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. அவன் கயிற்றுக்கு அப்பால் நின்று ஓட்டத்தைப் பார்த்தான். முடிந்ததும் அருகில் வந்து, 'நல்லா ஓடினீங்கண்ணே' என்றான். நாம் முதலிடம் பெற்றோம்.

கை உயர்த்தவேண்டிய தேவை அன்று நமக்கு இல்லை. மங்கிய அத்தாளை எடுத்து நீட்டியிருந்தால் போதும். அவனை ஓட விட்டிருப்பார்களா, இருவரையும் நீக்கியிருப்பார்களா என்பது வேறு. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவன் பெயரை நாம் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

சிட்னியை விட்டுப் புறப்படும் முன்னர் மீண்டும் ஒருமுறை அச்சந்திற்குச் சென்றோம். மாலைப் பொழுது. இரயில்கள் போவதும் வருவதுமாக இருந்தன. பள்ளிச் சீருடையில் வந்த சிறுவன் ஒருவன் நாம் எதை உற்று நோக்குகிறோம் என்று அறிய விரும்பியவன்போல் நின்றான். கை உயர்த்தாத அம்மனிதரின் மார்பைச் சுட்டிக் காட்டினோம். அவனும் சற்றுநேரம் பார்த்தான். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

ஊர் திரும்பியதும் அலமாரியில் நூல்களின் பின்னாலிருந்த கோப்பையை எடுத்துத் துடைத்தோம். வெள்ளி முலாம் பெரிதும் போய்விட்டது. 'இருநூறு மீட்டர், முதலிடம்' என்றும் ஆண்டும் மட்டுமே அதில் பொறித்திருக்கின்றன. பெயர் பொறிப்பதற்கென்று விடப்பட்ட இடம் அப்படியே வெறுமையாக இருக்கிறது.